சீல் இன்னும் வரவில்லை

தன் வீட்டில் தானே திருடுவது என்று வெள்ளைச்சாமி முடிவு செய்துவிட்டார்.

திருட வேண்டியது நகை இல்லை, பணம் இல்லை. சக்கரத்துக்குள் இருக்கிற பேரிங். அடையாறில் அவர் வீட்டு முகப்பில், கார் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு படகு நிற்கிறது. படகுக்குக் கீழே அதை இழுத்துப் போகிற டிரெய்லர். டிரெய்லருக்கு இரண்டு சக்கரம். அந்தச் சக்கரங்களின் பேரிங்கைக் கழற்றிக் கடைப் பையில் போட்டு, தி.நகருக்குக் கொண்டுபோய், பனியன் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்துவிட வேண்டும். இதுதான் திட்டம்.

ரங்கநாதன் தெருவில் முப்பது வருடமாக உள்ளாடைக் கடை வைத்திருப்பவர் அவர். தீபாவளிக் கூட்டத்தில் ஒருவன் ஒரு ஜட்டியை இடுப்பில் செருகினால் போதும், கல்லாவில் உட்கார்ந்தபடியே பிடித்துவிடுவார். எத்தனையோ திருடர்களைக் கண்டவர். ஆனால் அந்தப் பக்கம் போய் நிற்பது இதுதான் முதல் தடவை. நினைத்தாலே வேர்த்தது. கத்திரி வெயில் வேறு.

வேறு வழியும் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை படகு கடலுக்குப் போகிறது என்று அவர் மனைவி ஜெயபாரதி சொல்லிவிட்டாள். படகு போகக்கூடாது. போனால் அதற்குள் இருக்கிற ராகேஷும் போய்விடுவான்.

ராகேஷ் அவர்களுடைய ஒரே பிள்ளை.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்தவனுக்குக் கடல் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வாங்கின சம்பளத்தில் ஊரெல்லாம் பைக் வாங்கும், இவன் பழைய ஃபைபர் படகு ஒன்றை டிரெய்லரோடு வாங்கி வந்து நிறுத்தினான். "அப்பா, காரைத் தெருவுல விட்டுருங்க" என்றான். அன்றிலிருந்து கார் தெரு வேப்பமரத்தடியில் காக்கை எச்சத்தோடு நிற்கிறது. படகு கல்யாணப்பெண் மாதிரி நிழலில் நிற்கிறது.

ஞாயிறு விடிவதற்குள் படகை இழுத்துக்கொண்டு பட்டினப்பாக்கம் போய்விடுவான். அங்கே வேதநாயகம் என்று ஒரு மீனவர் அவனுக்குச் சிநேகம். இரண்டு பேரும் தூண்டில் போட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் கரைக்கு வருவார்கள். வீடு திரும்பியதும் மீனைக்கூட யாரிடமும் காட்டமாட்டான். முதல் காரியம் சக்கரத்தை நல்ல தண்ணீரில் கழுவுவது. அப்புறம் கழற்றி, துடைத்து, புதுக் கிரீஸ் வைப்பது. அப்பாவுக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வான்.

"உள்ளங்கையில நெல்லிக்கா அளவு எடுங்கப்பா. பேரிங்க இந்த ஓரத்துல வச்சு அழுத்துங்க. இன்னும். இன்னும். மேல்பக்கம் புழு புழுவா வெளிய வரணும்."

"விரல்ல தடவுனாப் போதாதாடா?"

"அது பவுடர் பூசுற மாதிரி. உள்ள போகணும்பா."

"உள்ள உப்புத்தண்ணி போயிருச்சுன்னா?"

"தொறந்தாத் தெரிஞ்சிரும். கிரீஸ் நீலமா இருக்கணும். தண்ணி போயிருந்தா மோர் மாதிரி வெளுத்திருக்கும்."

பிள்ளைக்குத் தகப்பன் ஆயிரம் சொல்லிக்கொடுத்திருக்கலாம். தகப்பனுக்குப் பிள்ளை சொல்லிக்கொடுத்தது இந்த ஒன்றுதான். வெள்ளைச்சாமி அதை நன்றாகவே கற்றுக்கொண்டார்.

கொரோனா இரண்டாவது அலையில் ராகேஷ் போய்விட்டான். ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனான். திரும்பி வந்தது ஒரு மண் கலயம். முகம் பார்க்க முடியவில்லை. நாலு பேர் கூடி அழ முடியவில்லை. அஸ்தியைக் கரைக்கலாமென்றால் கடற்கரையையே மூடிவைத்திருந்தார்கள். அஸ்திக் கலயத்தை வீட்டுக்குள் வைக்கக்கூடாது, வெளியே மரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும் என்பார்கள். அவர்கள் வீட்டு வளவுக்குள் மரம் இல்லை. வெள்ளைச்சாமி கலயத்தின் வாயைக் கடையிலிருந்து கொண்டுவந்த புது வெள்ளைத் துணியால் கட்டி, படகின் முன்பக்கத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"ஊரடங்கு முடியட்டும். அவன் படகுலயே அவனக் கொண்டுபோய்க் கரைச்சுட்டு வருவேன்" என்று சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் போனில் சொன்னார். சொல்லும்போது குரல் கணீரென்று இருந்தது.

ஊரடங்கு முடிந்தது. கடற்கரையைத் திறந்தார்கள். சுண்டல்காரர்கள் திரும்பி வந்தார்கள், பலூன் சுடுகிறவர்கள் வந்தார்கள், காதலர்கள் வந்தார்கள். வெள்ளைச்சாமிக்குத்தான் மனசு வரவில்லை. மனசு வரவில்லை என்று ஒரு ஆம்பிளை பெண்டாட்டியிடம் போய்ச் சொல்லுவானா? அவர் சொல்லவில்லை. பேரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

"எப்பங்க போறோம்?" என்று கேட்டாள் ஜெயபாரதி.

"பேரிங் காஞ்சு கெடக்கு. இப்படியே இழுத்தா நடுரோட்டுல சக்கரம் தனியா ஓடும்."

"கிரீஸ் வைங்களேன்."

"வச்சிரலாம். சீல் வரணும்."

"சீல்னா?"

"ரப்பர் வளையம். கிரீஸ் வெளிய வராம, தண்ணி உள்ள போகாம அடைக்கிறது. அது இல்லாம கிரீஸ் வச்சு என்ன பிரயோஜனம்?"

"எங்கேருந்து வரணும்?"

முதல் வருடம் அது கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டியிருந்தது. அடுத்த வருடம் தைவானிலிருந்து. அதற்கடுத்த வருடம் செங்கடலில் கப்பல்களுக்கு ஏதோ தொந்தரவு என்று பேப்பரில் போட்டிருந்தான். சீல் அந்தக் கப்பலில்தான் இருந்தது. நடுவில் ஒரு தடவை வந்தே விட்டது, ஆனால் சைஸ் தப்பு. சைஸ் மாற்றிக் கொடுத்தே முடி நரைத்த மனிதர் சைஸ் தப்பு என்று சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? ஜெயபாரதி நம்பினாள். ஒவ்வொரு தடவையும் "ஓ" என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். பாவம், வெள்ளந்தி என்று நினைத்துக்கொள்வார்.

வெறும் வாயால் சொன்னால் போதாது என்று வேலையும் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலையானால் பழைய கைலி கட்டிக்கொள்வார். டிரெய்லருக்குப் பக்கத்தில் பேப்பர் விரிப்பார். ஜாக்கி, ஸ்பானர், கிரீஸ் டப்பா எல்லாவற்றையும் கடையில் சரக்குப் பரப்புகிற மாதிரி பரப்புவார். முழங்கையில் கொஞ்சம் கிரீஸ், மூக்கு நுனியில் ஒரு பொட்டு. வேலை அதோடு முடிந்தது. ஒரு நட்டைத் தொடமாட்டார். சக்கரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு, மேலே இருக்கிற பெட்டியோடு பேசுவார்.

"டேய், இப்பல்லாம் போன்லயே பனியன் வாங்குறானுங்கடா. தொட்டுப் பாக்கிறதில்ல, இழுத்துப் பாக்கிறதில்ல. கடை ஈயோட்டுது."

"டேய், அம்மாவுக்கு முட்டிவலி. டாக்டர்ட்ட வான்னா வரமாட்டேங்குறா. நீ சொன்னாக் கேப்பா."

பேச வேறொன்றும் கிடைக்காத ஞாயிறுகளில் கடை வாசலில் எத்தனை பேர் வந்தார்கள், யார் யார் பேரம் பேசினார்கள் என்று சொல்லுவார். ஜெயபாரதி காபி கொண்டுவருவாள். மூக்கு நுனியிலிருக்கிற கிரீஸை முந்தானையால் துடைத்துவிடுவாள். "கஷ்டமான வேலையா?" என்பாள். "ரொம்ப" என்பார். அது பொய்யில்லை.

சக்கரத்தைத் திறக்காததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. உள்ளே இருந்த கிரீஸ் ராகேஷ் வைத்தது. காய்ச்சல் வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தன் உள்ளங்கையில் எடுத்து அழுத்தி வைத்தது. அவன் தொட்ட சட்டைகளைத் துவைத்தாயிற்று. படுத்த அறையை மருந்தடித்துத் துடைத்துவிட்டுப் போனார்கள். அவன் கை பட்டது பட்டபடியே இருப்பது உலகத்தில் அந்த இடம் ஒன்றுதான். அதைத் திறந்து துணியால் வழித்துப் போட அவர் என்ன பைத்தியமா?

தெருவுக்கு இதெல்லாம் தெரியாது. பக்கத்து மாடியில் இருக்கிற பத்ரிநாராயணன், பேங்கில் ரிடையரானவர், பால்கனியில் பேப்பரும் கையுமாக நிற்பார்.

"என்ன சாமி சார், சீல் வந்துடுத்தா?"

"வரணும் சார்."

"வரட்டும், வரட்டும். அவசரமா என்ன?" என்று சொல்லிவிட்டு, ஏனோ சட்டென்று பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார்.

பட்டினப்பாக்கத்திலிருந்து கூடையில் மீன் கொண்டுவருகிற பச்சையம்மா அவ்வளவு நாசூக்கானவள் இல்லை. போன மாசம் கேட்டில் கூடையை இறக்கிவைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா நைனா, ஞாயித்துக்கெயமையானா சக்கரத்தாண்டயே குந்திக்கினு கீற?"

"என்ன பண்றது பச்சையம்மா. துருப்பிடிச்சு இறுகிக் கெடக்கு. சுத்தவே மாட்டேங்குது."

"சுத்த மாட்டேங்குதா! அன்னிக்கி நல்லா தானே..." என்று ஆரம்பித்தவள், கிண்ணத்தோடு வெளியே வந்த ஜெயபாரதியைப் பார்த்தாள். "நல்லா தானே மய பேஞ்சிச்சி. அதான் துரு ஏறிக்கீது" என்று முடித்தாள். அன்றைக்குச் சங்கரா மீனில் இரண்டு கூடவே போட்டுவிட்டு, பேரம் பேசாமல் போய்விட்டாள். பேரம் பேசாத பச்சையம்மாவைப் பார்த்தாவது வெள்ளைச்சாமிக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இந்த வாரம்தான் இடி விழுந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். தட்டில் இட்லியை வைத்துக்கொண்டே ஜெயபாரதி சொன்னாள்.

"ஏங்க, புள்ள திதி வருது."

"ம்."

"ஞாயித்துக்கிழமை வேதநாயகம் வண்டி கொண்டுட்டு வர்றாரு. படக இழுத்துட்டுப் போயிரலாம்."

"பேரிங்கு..."

"அவரே கழட்டிப் பாத்துக் கிரீஸ் வச்சுக்குவாராம்."

"சீல் இன்னும்..."

"பழைய சீலே போதுமாம்."

"அது எப்படிப் போதும்? பாதி வழியில..."

"போதும்ங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. சட்னிக் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். "நாலு வருசமா புள்ள வாசல்லயே நிக்கிறான்."

வெள்ளைச்சாமி பாதி இட்லியோடு எழுந்துவிட்டார். ராத்திரி முழுக்கப் புரண்டார். வேதநாயகம் வந்து சக்கரத்தைக் கழற்றுவார். பையன் வைத்த கிரீஸை ஒரு கந்தல் துணியால் வழித்துச் சாக்கடையில் போடுவார். அப்புறம் கலயமும் போய்விடும். கிரீஸும் இல்லை, கலயமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் யாரோடு பேசுவார்? காலையில் எழுந்திருக்கும்போது திட்டம் தயாராக இருந்தது. பேரிங்கே இல்லாத சக்கரத்தை எந்த வேதநாயகத்தாலும் இழுக்க முடியாது.

வியாழக்கிழமை காலை சந்தர்ப்பம் தானாக வந்தது. "மத்தியானம் கபாலி கோயிலுக்குப் போறேன். மாட வீதியில கொஞ்சம் சாமான் வாங்கணும். வர சாயங்காலம் ஆயிரும்" என்றாள் ஜெயபாரதி. சாமி கதவைச் சாத்துகிற மத்தியானத்தில் யாராவது கோயிலுக்குக் கிளம்புவார்களா என்று அவர் யோசிக்கவில்லை. திருடப் போகிறவனுக்கு ஏது யோசனை? மத்தியானம் கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தார்.

தெருவே வெயிலில் படுத்துக்கிடந்தது. பத்ரிநாராயணன் மட்டும் பால்கனியில் நின்றார்.

"என்ன சாமி சார், வியாழக்கிழமையே சர்வீஸா?"

"சும்மா. ஒரு நோட்டம் பாக்கலாம்னு."

"பாருங்கோ, பாருங்கோ. தொறந்து பாத்தாத்தானே எதுவும் தெரியும்" என்றவர் உடனே உள்ளே போய்விட்டார்.

வெள்ளைச்சாமி ஜாக்கியை வைத்து ஏற்றினார். ஒரு பக்கத்துச் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. பழக்கத்தில் ஒரு தட்டு தட்டினார்.

சக்கரம் சுற்றியது.

அவருக்கே ஆச்சரியமாகிவிட்டது. துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவரே அதை நம்பியிருந்தார். உள்ளே மட்டும் லேசாக நறநறவென்று கேட்டது.

கடையிலிருந்து ஒரு புது வெள்ளைக் கைக்குட்டை கொண்டுவந்திருந்தார். கிரீஸைத் துடைக்கப் போவதில்லை. பேரிங்கை அப்படியே, பிள்ளை வைத்தது வைத்தபடியே, அதில் சுற்றி எடுத்துப் போவதாக உத்தேசம். சக்கரத்தின் நடுவிலிருந்த மூடியைச் சுற்றிலும் ஸ்க்ரூ டிரைவரால் மெல்லத் தட்டினார். தட்டத் தட்டக் கண் நிறைந்தது. "மன்னிச்சுக்கடா" என்று மேலே பார்த்துச் சொன்னார். மூடி கையோடு வந்தது.

உள்ளே நீலமாக ஒன்றுமில்லை. மோர் மாதிரி வெளுத்திருந்தது.

முதலில் மழை என்று நினைத்தார். டிசம்பர் மழைக்குத் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றதே. விரலால் கொஞ்சம் எடுத்துப் பார்த்தார். நைசாக மணல் நெருடியது. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். கரித்தது. தன் கண்ணீராக இருக்குமோ என்று முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டு, மறுபடி ஒருமுறை வைத்துப் பார்த்தார். சந்தேகமே இல்லை, கடல்தான்.

இந்தச் சக்கரம் கடலுக்குள் இறங்கியிருக்கிறது. அவர் இல்லாமல்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் படகில் ஏறினார். ஜாக்கியில் நின்ற படகு ஒருபுறமாகச் சாய்ந்து முனகியது. பெட்டியைத் திறந்தார். இத்தனை ஞாயிறும் அதோடு பேசினாரே தவிர, ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. திறக்கத் தைரியம் இல்லை. கலயம் இருந்தது. ஆனால் வாயில் அவர் கட்டிய வெள்ளைத் துணி இல்லை, அவர் போட்ட பார்சல் முடிச்சு இல்லை. மஞ்சள் புடவைக் கிழிசல் ஒன்று பூவாக முடியப்பட்டிருந்தது. ஜெயபாரதியின் பழைய சுங்குடி. கலயத்தைத் தூக்கினார். பாதி கனம்தான் இருந்தது.

அப்படியே படகின் பலகையில் உட்கார்ந்துவிட்டார். கோபமா, துக்கமா, வெட்கமா என்று அவருக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

கேட் திறக்கிற சத்தம் கேட்டது. சாயங்காலம் வருகிறேன் என்றவள் வந்து நின்றாள். கையில் பிரசாதமும் இல்லை, சாமானும் இல்லை.

"மொதல்ல எறங்குங்க. ஜாக்கி சாஞ்சிரப்போகுது."

"யாரு தொறந்தது?"

"எத?"

"கலயத்த."

"நான்தான்."

"எப்ப?"

"போன ஆடி அமாவாசைக்கு. நீங்க கடையில ரெண்டு எடுத்தா ஒண்ணு இலவசம்னு கத்திக்கிட்டு இருந்தீங்க."

ஆடித் தள்ளுபடி வந்தால் வெள்ளைச்சாமிக்கு வீடு, வாசல், ஞாயிறு எதுவும் கிடையாது. கடைக்குள்ளேயே சாப்பாடு. அன்றைக்கு வீட்டையே தூக்கிக்கொண்டு போயிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

"என்னைக் கேக்காம எப்படிப் போன?"

"மூணு வருசம் கேட்டேனே. சீல் வரலைன்னீங்க."

"பேரிங் காஞ்சு கெடக்குன்னு சொன்னேன்ல? வழியில ஏதாவது ஆயிருந்தா?"

"வேதநாயகமும் அதான் சொன்னாரு. தொறந்து புதுக் கிரீஸ் வச்சுட்டுத்தான் இழுக்கணும்மான்னாரு. நான் தொடவிடல."

"ஏன்?"

ஜெயபாரதி சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். வெளுத்துப் போன கிரீஸைப் பார்த்தாள். அவள் முகம் கோணியது.

"அது என் புள்ள கையால வச்ச கிரீஸுங்க. அவன் வச்சது அவனத் தாங்காதான்னு கேட்டேன். வேதநாயகம் மறுவார்த்தை பேசல. மீன் வண்டியில கட்டி மெதுவா இழுத்துட்டுப் போனாரு. நான் பின்னாலயே ஆட்டோவுல, சக்கரத்தையே பாத்துக்கிட்டுப் போனேன். பச்சையம்மா மடி நெறயப் பூ கொண்டாந்தா. கடல்ல எறக்கி, கரைச்சு, திரும்பி இந்தக் கேட்டுக்குள்ள வர்ற வரைக்கும் ஒரு சத்தம் இல்ல. அப்படியே வழுக்கிட்டுப் போச்சு."

தனக்கு மட்டும் தெரியும் என்று வெள்ளைச்சாமி நாலு வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தது அவளுக்கும் தெரிந்திருந்தது. அவர் கலயத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல பாரதி?"

"வாய் வரலங்க. பொம்பள தனியாப் போயிச் செஞ்சுட்டேன். எந்த மூஞ்சியோட சொல்ல? வந்ததுமே வேதநாயகம் சக்கரத்தக் கழுவி, கிரீஸ் மாத்தித் தர்றேன்னாரு. வேணாம்னேன். எங்க வீட்டுக்காரரு ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை தொறக்கிறவரு, வெளுத்திருக்கிறதப் பாத்ததும் தானாப் புரிஞ்சுக்குவாருன்னேன்."

வெள்ளைச்சாமி கலயத்தின் முடிச்சை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"ஆடி முடிஞ்ச மொத ஞாயித்துக்கிழமை பயந்துக்கிட்டே காபி கொண்டாந்தேன். மூக்குல கிரீஸோட உக்காந்திருந்தீங்க. சீல் வரணும்னீங்க. சரி, இன்னிக்குப் பாக்கலபோலன்னு நெனச்சேன். அடுத்த வாரமும் சீல் வரணும். புரட்டாசி போச்சு, தீபாவளி போச்சு, பொங்கல் போச்சு. வாராவாரம் தொறந்து வேலை பாக்கிற மனுசன் கண்ணுல இது எப்படிங்க படாமப் போச்சு?"

கடையில் பிடிபட்ட திருடர்கள் எல்லாரும் ஒரே மாதிரி கூரையைப் பார்ப்பார்கள். வெள்ளைச்சாமியும் கூரையைப் பார்த்தார். அவளைக் குற்றம் சொல்ல வாயைத் திறந்தால், ஒரு ஞாயிறுகூட ஒரு நட்டைக்கூடத் தொட்டதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை வேதநாயகம் வர்றப்ப..." என்று பேச்சை மாற்றினார்.

"அவரு எங்க வர்றாரு? தங்கச்சி வீட்டுக்கு நாகப்பட்டினம் போயிருக்காரு."

"நீதானே வர்றாருன்ன?"

"வேலை செய்யறதுக்குத் தொறக்க மாட்டீங்க. வேலையக் கெடுக்கிறதுக்காவது தொறப்பீங்கன்னு நெனச்சேன்."

"அப்ப கோயிலு?"

"பத்ரி சார் வீட்டுல உக்காந்திருந்தேன். மாமி மோர் குடுத்தாங்க."

பால்கனியில் ஒரு பேப்பர் அவசரமாக மடங்கும் சத்தம் கேட்டது. பச்சையம்மாவுக்குத் தெரியும், பத்ரிநாராயணனுக்குத் தெரியும், மாமிக்குத் தெரியும். தெருவில் தெரியாத ஒரே ஆள், படகுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர்.

"ரெண்டு வேளை வெளக்கேத்துறேன்" என்றாள் ஜெயபாரதி. இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "அவன வாசல்ல நிறுத்திட்டு உள்ள வெளக்கேத்த என்னால முடியலங்க. உங்களுக்கு அவன் இங்க இருக்கிறது ஆறுதல். எனக்கு அவன் போகாம நிக்கிறது வேதனை. என்ன பண்ணச் சொல்றீங்க?"

"அதுக்காக எனக்கு ஒண்ணுமே வைக்காம..."

"பாதிதான் கரைச்சேன். அவன் ரெண்டு பேருக்கும் புள்ளதானே? உங்க பாதியத் தொடல. உங்களுக்கு எப்ப மனசு வருதோ அப்பக் கரைங்க. அதுக்கு நீங்க தொறந்து பாக்கணும்னுதான் காத்துக்கிட்டிருந்தேன்."

வெள்ளைச்சாமி கலயத்தைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினார். இரண்டு பேரும் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் அழுதார்கள். நாலு வருடத்தில் சேர்ந்து அழுதது அதுதான் முதல் தடவை. அதுவரை அவர் சக்கரத்துக்குப் பின்னாலும் அவள் அடுப்படியிலுமாக அழுதுகொண்டிருந்தார்கள்.

அப்புறம் வெள்ளைச்சாமி பேரிங்கைக் கழற்றினார். கொண்டுவந்த கைக்குட்டையால் வெளுத்த கிரீஸை வழித்தார். தூரப் போடவில்லை, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மண்ணெண்ணெயில் பேரிங்கை அலசித் துடைத்தார். டப்பாவைத் திறந்து ஜெயபாரதியிடம் நீட்டினார்.

"உள்ளங்கையில நெல்லிக்கா அளவு எடு. பேரிங்க ஓரத்துல வச்சு அழுத்து."

"இப்படியா?"

"இன்னும். இன்னும் அழுத்து. மேல்பக்கம் வரணும்."

வளையலெல்லாம் நீலமாக, அவள் அழுத்தினாள். உருளைகளுக்கு நடுவே புழு புழுவாகக் கிரீஸ் எட்டிப் பார்த்தது. "வருதுங்க" என்றாள். சின்னப் பிள்ளை மாதிரி சொன்னாள். இதே இடத்தில், ஸ்டூலில் உட்கார்ந்து அவரும் ஒருநாள் இப்படித்தான் சொன்னார். அதைச் சொன்னால் மறுபடி அழுகை வந்துவிடும் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

பேரிங்கை மாட்டப் போகும்போதுதான் பழைய சீல் வளையத்தை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். ரப்பர் உதடு ஓரமாகக் கிழிந்திருந்தது. விரலை விட்டால் மறுபக்கம் வந்தது. அவருக்கு மனசுக்குள் எங்கேயோ ஒரு சின்ன விளக்கு எரிந்தது. இன்னும் ஒரு மாசம். இரண்டு மாசம்கூட ஆகலாம். அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை உண்டு.

"இந்தா பாரு, பாரதி. சீல் கிழிஞ்சு போச்சு. சத்தியமா, இந்தத் தடவை நெசமாவே புது சீல் வரணும்."

ஜெயபாரதி எழுந்தாள். கிரீஸ் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, முழங்கையால் கதவைத் தள்ளி உள்ளே போனாள். அடுப்படியில் டப்பா உருளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது. துவரம்பருப்பு வாசனை அடித்தது.

"வந்து ரொம்ப நாளாச்சுங்க" என்றாள். "சைஸும் சரியா இருக்கு."